பேச்சுக்குக் கூப்பிட்ட பயணம்

ஓட்டுநர் நாச்சிமுத்து தன் பயணத்துக்கு முதல் ஆளைப் பேச்சுக்குக் கூப்பிட்ட அன்றைக்கு, காலை பதினோரு மணிக்கு, தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருடைய வண்டி ஒரு ஜன்னல் நீளம் வளர்ந்தது. தகரம் முறுகுகிற சத்தம் கேட்டது, முன்சக்கரம் இரண்டும் மூன்றடி முன்னால் போய் நின்றன, நடுவில் புதிதாக ஒரு ஜன்னலும், அதற்கு நேராக உள்ளே ஒரு படுக்கையும், படுக்கையின் மேல் உறை போட்ட தலையணையும் வந்திருந்தன. கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கிற தெரு எங்களுடையது, தகரம் முறுகுவது எங்களுக்குக் காக்கை கத்துகிற மாதிரி. அதனால் யாரும் வாயைப் பிளக்கவில்லை, ரிவெட் ஆணி அடித்திருக்கிற சுத்தத்தைப் பார்த்துவிட்டு இது எந்தப் பட்டறை வேலை என்று இரண்டு பேர் வாதாடினார்கள், அவ்வளவுதான்.

நாச்சிமுத்து முப்பத்தொரு வருஷம் தனியார் கம்பெனி பஸ் ஓட்டியவர். கடைசி ட்ரிப்பைக் கொண்டுபோய்க் கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு கிராமத்தில் ஹால்ட் போட்டு, வண்டியிலேயே படுத்து எழுந்து, விடிந்ததும் முதல் ட்ரிப்பை எடுக்கிற வேலை. மூன்று நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். வருகிற அன்றைக்கும் வீட்டில் அவருடைய அக்கா பாவாயி இருப்பார், அக்கா வீட்டுக்காரர் இருப்பார், ஜாதகம் பார்க்க வந்தவர், பத்திரிகை வைக்க வந்தவர், சும்மா வந்தவர் என்று கூடம் நிறைந்திருக்கும், எல்லோருக்கும் போட்டு முடித்துவிட்டு அவர் மனைவி ரங்கநாயகி சாப்பிட உட்காரும்போது மனுஷன் யூனிபாரத்தை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஒருவேளைச் சோறு சேர்ந்து சாப்பிட்டதில்லை. இதை ரங்கநாயகியே என்னிடம் சொன்னார், இட்டுக்கட்டிச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவர் ஓய்வு பெற்றபோது கம்பெனிக்காரர்கள் அவர் ஓட்டித் தேய்ந்த வண்டியை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். பட்டறைச் சிநேகிதர்கள் சேர்ந்து சீட்டுகளைக் கழற்றி, பின்பக்கம் ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, ஒரு கக்கூஸ், கூரையில் தண்ணீர்த் தொட்டி என்று அதை வீடாக்கினார்கள், இரண்டு பேருக்கு அளவெடுத்த வீடு. ரங்கநாயகி ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, கணவர் சொல்லச் சொல்லப் பயணத்தை எழுதினார். கரூரிலிருந்து பத்ரிநாத் பனிமலை அடிவாரம் வரைக்கும் இருபத்துமூன்று ஹால்ட். ஹால்ட் என்றால் சும்மா இல்லை. குழாய்த் தண்ணீர் இருக்கவேண்டும், மேற்கு வெயில் முகத்தில் அடிக்கக் கூடாது, லாரிகள் ரிவர்ஸ் எடுக்கிற இடமாக இருக்கக் கூடாது, நாலு மணிக்கு மேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. முதல் ஹால்ட்டை அந்த அம்மாளே தேர்ந்தெடுத்தார். மல்லூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்குக்கு எதிரில் இருக்கிற வேப்பந்தோப்பு. இங்கிருந்து இரண்டு மணி நேரப் பாதைதான், அந்த ரூட்டில் போன நாளில் நாச்சிமுத்து எப்போதோ அங்கே இறங்கி முகம் கழுவியதைச் சொல்லியிருக்கிறார், அந்த அம்மாள் அதை ஞாபகத்தில் வைத்திருந்தார்.

நான் அந்தத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன். நோட்டின் பக்கங்களை நகல் எடுக்க என்னிடம்தான் வந்தார்கள், வழியில் தொலைந்துபோனால் இன்னொன்று இருக்கட்டும் என்று. பனிமலையைப் பார்க்க அவ்வளவு ஆசையா என்று சும்மா கேட்டேன்.

"பனிமலை கெடக்குது தம்பி. நானும் அவரும் மட்டும் ஒரு எடத்துல தங்கோணும். வேற ஒருத்தரும் இருக்கக் கூடாது. எனக்கு அதுதான் வேணும்."

இதைக் காதால் கேட்டவன் நான். கேட்டுவிட்டு இருபத்தைந்தாம் நாள் அந்த வண்டியில் ஏறியவனும் நான்தான்.

எங்கள் பக்கத்தில் வெளியே கிளம்புகிறவர்களை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் கெட்டுவிடும், அதனால் தூரமா என்றுதான் கேட்போம். கேட்கப்பட்டவர் ஆமாம் என்று சொல்லிவிட்டு, நீங்களும் வாங்களேன் என்று ஒரு பேச்சுக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவர், இருக்கட்டுங்க, நீங்க போயிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் சரியாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் சேதாரமில்லை. சாப்பிடும்போது உள்ளே வந்தவரைச் சாப்பிட வாங்க என்பதும், அவர் பட்டினியாகவே இருந்தாலும் இப்போதுதான் ஆச்சு என்பதும் எப்படியோ அப்படித்தான். தலைமுறை தலைமுறையாக இதில் ஒரு பிசகு வந்ததில்லை.

பிசகை வண்டி செய்தது. பாவாயி வந்து தூரமா என்று கேட்டார், தம்பி நாச்சிமுத்து ஆமாங்க்கா, நீங்களும் வாங்களேன் என்றார், பாவாயி இருக்கட்டும் சாமி என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் வண்டி முந்திக்கொண்டு ஜன்னலைப் போட்டுவிட்டது. உறை போட்ட தலையணையோடு படுக்கை வந்து நிற்கும்போது வேண்டாம் என்பது பரிமாறிய இலையை மூடுவது மாதிரி. பாவாயி தலையணையை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். கூப்பிட்டதற்கு வரவில்லை என்றால் நல்லாவா இருக்கும் என்று சொல்லி, மறுநாளே தன் சுருக்குப் பையையும் முட்டிவலித் தைலத்தையும் கொண்டுவந்து அந்தத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

அக்கா வந்தால் மச்சான் வராமல் இருப்பாரா, மச்சானைப் பார்க்க வந்த பங்காளி தூரமா என்று கேட்காமல் இருப்பாரா. தை பிறந்ததும் கிளம்புவதாக இருந்த பயணம் மாசிக்குப் போயிற்று, ஏனென்றால் பாவாயிக்கு முட்டிவலி, ஹால்ட்டில் படி இருக்கக் கூடாது, ஆகவே மூன்று ஹால்ட்டுகளை அடித்து எழுத வேண்டும். மச்சானுக்கு மத்தியானம் தயிர் இல்லாமல் இறங்காது, ஆகவே பால் பண்ணை இருக்கிற ஊராகப் பார்க்க வேண்டும். பங்காளி காசியில் அப்பாவுக்குத் திதி கொடுக்க வேண்டும், ஆகவே வழியே திரும்ப வேண்டும். ரங்கநாயகி ரப்பர் வைத்து அழித்து அழித்து எழுதினார், தாள் கிழிந்து வேறு நோட்டு வாங்கினார், பங்குனி உத்திரம் கழியட்டும் என்றார்கள், கழிந்ததும் அக்கினி நட்சத்திரம் போகட்டும் என்றார்கள், அது போனதும் ஆடியில் யாராவது பயணம் வைப்பார்களா என்று கேட்டார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அந்த அம்மாள் அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. ஏனுங்க, கூப்பிடாதீங்க என்று நல்லபடியாகச் சொன்னார், சண்டை போட்டுச் சொன்னார், பேசாமல் இருந்து சொன்னார். வாய் வார்த்தைக்கு என்ன காசா பணமா, கூப்பிடாவிட்டால் மனசு நோகாதா என்பார் நாச்சிமுத்து. வழியில் கையைக் காட்டியவனை ஒருநாளும் விட்டுவிட்டுப் போகாத டிரைவர் என்று அந்த ரூட்டில் அவருக்குப் பெயர், அந்தப் பெயரை எங்கே கொண்டுபோய் வைப்பது. கடைசியில் தெருவில் நடக்கும்போது வாய் நிறையக் கடலை போட்டு அனுப்பினார் ரங்கநாயகி. கடலையோடு அவர் தலையை மட்டும் ஒருபக்கம் சாய்த்துச் சிரித்தார். வண்டிக்கு அதுவே போதுமாக இருந்தது, அன்றைக்கு ஒரே நாளில் நான்கு ஜன்னல்.

அந்த அம்மாளின் வாயும் ஒரு தடவை தவறியது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள், உருளையை இறக்கி வைத்து, தூரமாங்க என்று கேட்க, தாளிக்கிற நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஆமாப்பா, நீயும் வாயேன் என்று சொல்லிவிட்டார். தகரம் முறுகிய சத்தம் கேட்டதும் கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது, கோபத்தில் வந்தது. சிலிண்டர்காரர் மூன்றாம் நாள் மனைவியோடும் மாமனாரோடும் வந்து சேர்ந்தார்.

வண்டி வளர்ந்தது நடுவில்தான். பின்னால் இருக்கிற அடுப்பும் கட்டிலும் நின்ற இடத்திலேயே நின்றன, முன்னால் இருக்கிற ஸ்டியரிங்தான் தள்ளித் தள்ளிப் போயிற்று. எங்கள் தெருவைத் தாண்டி, பேக்கரி முக்கில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் அழகாக வளைந்து, பைபாஸில் ஏறி, இடதுபக்க ஓரமாகவே வடக்கே போயிற்று. உள்ளே ஏறியவர்கள் தங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறவர்களை வாங்களேன் என்று கூப்பிட, அவர்களுக்கும் ஜன்னல் வர, அவர்கள் அடுத்தவர்களைக் கூப்பிட, நாச்சிமுத்து வாயில் கடலையோடு சும்மா இருந்த நாட்களிலும் அது எங்கள் பக்கத்து வேலூர்ப் பாலத்தில் ஏறிக் காவிரியைத் தாண்டி நாமக்கல்லை நெருங்கியிருந்தது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள், இங்கே நாங்கள் பிடுங்கக்கூட இல்லை, மடம்தான் எங்களைத் தேடி வந்தது.

வார்டு ஆபீஸிலிருந்து வந்து ஜன்னல்களுக்குக் கதவு எண் போட்டார்கள். குறுக்குச் சாலை வருகிற இடங்களில் போலீஸார் இருபக்கமும் கதவு வைக்கச் சொன்னார்கள், ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு நடுவே கடந்துபோகலாம், வண்டிக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது என்று மட்டும் எழுதி வைத்தார்கள். பாலத்தின் மேல் இருந்த ஜன்னல்காரர்கள் கயிறு கட்டிக் குடத்தை விட்டு ஆற்றுத் தண்ணீர் மொண்டார்கள். இருநூற்று எட்டாம் ஜன்னலில் ஒரு டீக்கடை, அதைத் தாண்டிக் கொசுவலை தைக்கிற நான்கு தையல் மெஷின்கள், நாமக்கல் பக்கம் முட்டை வியாபாரம். ஒரு கல்யாணமும் நடந்தது, பெண் வீடு வேலூர்ப் பாலம், மாப்பிள்ளை வீடு நாமக்கல் எல்லை, பெண்ணை அழைத்துப் போன ஊர்வலம் தரையையே மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பயணக் கமிட்டி கூடும். எந்த ஹால்ட்டில் யார் எந்தப் பக்கம் இறங்குவது, சைவம் முன்னாலா அசைவம் முன்னாலா, பெட்ரோல் பங்குக் கக்கூஸுக்குப் பெண்கள் எத்தனை மணிக்கு, என்று பேசிப் பேசி ஹால்ட்டுகள் அறுபத்தொன்றாயின. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நகல் எடுத்தவன் நான். என் ஜன்னல் முப்பத்தாறு. உட்கார்ந்தால் பட்டறையிலிருந்து காற்று நன்றாக வரும்.

கிளம்புவதைப் பற்றிக் கேட்டால் எல்லோருக்கும் கோபம் வந்தது. ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று நாங்கள்தான் நாச்சிமுத்துவைத் திட்டினோம், திட்டிவிட்டு எங்கள் பெரியப்பா மகனையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னோம்.

ஓட்டாத வண்டியைத் தினமும் ஸ்டார்ட் பண்ணி வைக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். ஆரம்பத்தில் நாச்சிமுத்து காபி குடித்துவிட்டுப் போய்ச் சாவியைத் திருகிவிட்டு, ஆறுவதற்குள் இரண்டாவது காபிக்கு வந்துவிடுவார். அப்புறம் போய்வர அரை நாள் ஆயிற்று. அப்புறம் வண்டிக்குள்ளேயே சைக்கிளில் போனார், ஆனால் ஒவ்வொரு ஜன்னலிலும் உட்காருங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க என்று பிடித்து நிறுத்துவார்கள், அவருக்கோ மறுக்கத் தெரியாது. வண்டி மல்லூரைத் தொட்ட மாதத்தில், தினமும் ஒரு தடவை என்பது போய், ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணித் திரும்பவே மூன்று நாள் ஆயிற்று. போகிற வழியில் யாருடைய படுக்கையிலாவது படுத்து எழுந்து, மூன்று நாளைக்கு ஒருமுறை பின்பக்கம் வந்து சேருவார், வரும்போது அடுப்பைச் சுற்றிப் பதினைந்து பேர் இருப்பார்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டு ரங்கநாயகி தட்டை எடுக்கும்போது அவர் சைக்கிளைத் திருப்பியிருப்பார்.

ஒரு புதன்கிழமை அந்த அம்மாள் தட்டைக் கழுவாமல் வைத்தார். அதுவரைக்கும் அப்படி வைத்ததில்லை என்று பாவாயி அப்புறம் சொன்னார். புடவை மாற்றினார், பின்படி வழியாக இறங்கினார், நங்கையா, அடுப்பைப் பாத்துக்கங்க என்று நாத்தனாரிடம் ஒரு வார்த்தை சொன்னார், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். தூரமா என்று வழியில் மூன்று பேர் கேட்டார்களாம். பதில் சொல்லவில்லையாம். மூன்று பேரும் அதை இன்றைக்கும் குறையாகச் சொல்கிறார்கள்.

நாச்சிமுத்து திங்கட்கிழமையே முன்பக்கத்துக்குக் கிளம்பியிருந்தார். கமிட்டியின் புதுத் திட்டத்தை ஜன்னல் ஜன்னலாகக் கொடுக்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். கொடுத்துக்கொண்டே போனதில் வழக்கத்தைவிட நேரம் இழுத்தது, முந்நூறாவது ஜன்னலில் வடை, நானூறாவதில் சுகம் விசாரிப்பு, அதற்குமேல் எண் போட வார்டு ஆபீஸ்காரர்கள் வந்திருக்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஸ்டியரிங்கைப் போய்ச் சேர்ந்தோம். அவர் சீட்டில் உட்கார்ந்து, பழக்கப்படி கண்ணாடியைத் துடைத்து, சாவியைத் திருகினார். வண்டி ஸ்டார்ட் ஆன சத்தம் எங்கள் காலுக்கடியில் புறப்பட்டுத் தெற்கே கரூரைப் பார்த்துப் போனது. எதிரில் வேப்பந்தோப்பு. சின்னத் தோப்புதான், இவ்வளவு நாள் காகிதத்தில் பார்த்து நான் பெரிதாக நினைத்திருந்தேன். ரங்கநாயகி ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, நீ எப்படி வந்த?"

"பஸ்ஸுல வந்தேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு."

நாச்சிமுத்து கதவைத் திறந்துவிட்டார். வெயில்ல நிக்காத, ஏறி வா என்றார். அந்த அம்மாள் ஏறவில்லை. கிட்டே வந்து, டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்று, நிமிர்ந்து பார்த்தார். வியர்வையில் குங்குமம் கரைந்திருந்தது. இத்தனை மாதமும் கத்தியவர் அன்றைக்குக் கத்தவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் ஏற மாட்டனுங்க. நீங்க எறங்குங்க."

"இத்தனை சனத்த உட்டுட்டு டிரைவர் எறங்குனா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காதுங்க. முப்பத்தொரு வருஷம் எனக்கு நல்லா இல்ல, நான் யாருகிட்டயும் சொல்லல. இப்பச் சொல்றேன். எறங்குங்க."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. செய்தி எங்கள் பின்னால் ஜன்னல் ஜன்னலாகப் போய்க்கொண்டிருந்தது, டிரைவர் சம்சாரம் வந்திருக்கிறதாம், வண்டி எடுக்கப் போகிறார்களாம் என்று திரித்துக்கொண்டே போயிருக்கிறது, நாமக்கல்லில் சிலர் தேங்காய் உடைத்துவிட்டார்கள். அண்ணே, எடுத்திரலாமுங்களா என்று எனக்குப் பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். நாச்சிமுத்து அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மனைவியையே பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, முகம் மட்டும் சின்னப் பையன் தப்புச் செய்து மாட்டிக்கொண்ட மாதிரி ஆயிற்று. எஞ்சினை நிறுத்தினார். சாவியை அதிலேயே விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து, படியில் கால் வைத்து, இறங்கினார்.

இறங்கித் தரையில் நின்று, அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் ஜன்னல்களில் தலையை நீட்டிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு எல்லாம் தெரியும், அவருக்கும் தெரியும், கிளம்புகிறவர் என்ன சொல்ல வேண்டும் என்று. அவர் வாய் திறந்தது. என் முழங்காலுக்குப் பக்கத்தில் தகரம் முறுகத் தொடங்கியது. ரங்கநாயகி அவர் கையைப் பிடிக்கவில்லை, வாயைப் பொத்தவில்லை, சும்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

அவர் வாயை மூடினார். தகரம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடங்கிப் போயிற்று.

இரண்டு பேரும் சாலையைக் கடந்து பெட்ரோல் பங்குக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். சேலம் பஸ் வந்தது. நாச்சிமுத்து கையைக் காட்டினார், காட்டத் தெரியாமல் காட்டினார், போலீஸ்காரர் மறிக்கிற மாதிரி இருந்தது. பஸ் நின்றது. அந்த அம்மாளை ஜன்னல் ஓரம் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்ததை இங்கிருந்தே பார்த்தோம். எங்கே இறங்கினார்கள், எந்த ஊரில் தங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அறுபத்தொரு ஹால்ட்டுகளிலும் ஆள் போட்டுத் தேடிவிட்டோம்.

வண்டி அங்கேயேதான் நிற்கிறது, நாங்களும் இருக்கிறோம், அதற்கப்புறம் ஒரு ஜன்னல்கூட வளரவில்லை. கமிட்டி ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. அந்த அம்மாள் செய்தது சரியா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வாக்குவாதம் வருகிறது, முன்னால் சரி என்றவர்கள் இப்போது தப்பு என்கிறார்கள், தப்பு என்றவர்கள் பேசாமல் எழுந்துபோய்விடுகிறார்கள். எனக்கு நாச்சிமுத்து மேல்தான் ஆத்திரம், மறைப்பானேன். எத்தனை நாள் பழக்கம், மூன்று நாள் கூடவே வந்தவன் நான், கதவை ஒட்டி நின்றவனும் நான்தான், ஒரு பேச்சுக்காவது வாங்களேன் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஆனால் அவர் சொல்லியிருந்தால் நான் இறங்கிக் கூடவே போயிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.